சைவப் பந்தியும் நாமும்

(ஆண்டு விழாவில் விருந்துக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



விருந்துக் குழுவினர் மேடையேறிப் பேசுவது நம் சங்கத்தில் வழக்கமன்று. எங்கள் இடம் அடுப்பங்கரை. பாயசத்தில் இனிப்புக் கூடுதலா குறைவா என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். இவ்வாண்டு எங்களைப் பேசுமாறு செயலாளர் பணித்ததற்குக் காரணம், சென்ற ஆண்டு விழாவன்று இரவு நடந்த நிகழ்ச்சி. அதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

சென்ற ஆண்டு இரண்டு பந்தல் போட்டோம். ஒன்றில் சைவச் சாப்பாடு. மற்றொன்றில் பிரியாணியும் கோழிக் குழம்பும். அவரவர் விரும்பியதை அவரவர் உண்ணட்டும், எவருக்கும் மனக்குறை நேராது என்று எண்ணினோம். சமையலில் குறை இல்லை. ஆனால் ஆண்டு முழுதும் காய்கறி வண்டியருகே நின்று ஒன்றாகப் பேசும் பெண்மணிகள் அன்று இரு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தார்கள். சிறுமி ஒருத்தி தன் பள்ளித் தோழியின் அருகில் உட்கார விரும்பிப் பந்தல் மாறி வந்தாள். யாரோ ஒருவர் அவள் கையைப் பற்றி, "உன் இடம் அங்கே, அம்மா" என்று அனுப்பிவிட்டார். சொன்னவர் கடுமையாகச் சொல்லவில்லை. ஆயினும் அக்குழந்தை அன்று உண்ணாமலே வீடு சென்றாள். அவள் பெற்றோர் மூன்று மாதம் சங்கத்தின் பக்கம் தலைகாட்டவில்லை.

இதற்குச் சில வாரங்களுக்குப் பின், வேலூரிலிருந்து மாற்றலாகித் தில்லிக்கு வந்த குடும்பம் ஒன்று நம் காலனியில் ஒரு மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்டது. வாடகை பேசியாயிற்று, முன்பணமும் பேசியாயிற்று. கடைசியில், "நீங்கள் சைவந்தானே?" என்ற கேள்வி வந்தது. அவர்கள் உண்மையைச் சொன்னார்கள், வீடு கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் இன்னார் என்பது இங்கு வேண்டுவதில்லை. அவரும் தமிழர், நம்மில் ஒருவர் என்பது போதும். தமிழ்க் குரல் கேட்டு நம் தெருவை நாடி வந்தவர்கள், மொழி தெரியாத வேறொரு தெருவில் போய்க் குடியேறினார்கள்.

எங்கள் குழுவில் ஐவர் இருக்கிறோம். மூவர் பிறந்தது முதல் சைவ உணவினர். இருவர் புலால் உண்போர். இவ்விரு செய்திகளையும் பற்றி நாங்கள் பலமுறை வாதிட்டோம், கோபித்தும் கொண்டோம். வாதம் தீராத நிலையில் புரட்டாசி மாதம் வந்தது. திருமலை யாத்திரைக்குச் சங்கத்தினர் முப்பத்தெட்டுப் பேர் புறப்பட்டோம். அந்தப் பயணத்தைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். புலால் நீங்கிய உணவை நாம் சைவம் என்கிறோம். தில்லியிலோ அதே உணவை விற்கும் கடையில் 'வைஷ்ணவ போஜனாலயம்' என்று பலகை தொங்குகிறது. திருமாலின் மலைக்கு யாத்திரை போகிற நாம், வழியெல்லாம் 'சைவச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?' என்று கேட்டுக்கொண்டு போகிறோம். யாழ்ப்பாணத்துத் தமிழரும் சைவம் என்றே சொல்வர். மற்றதை மச்சம் என்பர். இப்பெயர்களையெல்லாம் ஓரளவு தள்ளிவைத்துப் பார்ப்பது நல்லது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நிஜாமுதீன் நிலையத்தில் சம்பர்க் கிராந்தி விரைவு வண்டி ஏறினோம். போபால், நாகபுரி, காச்சிகுடா, கடப்பை, ரேணிகுண்டா என்று ஒன்றரை நாளுக்கு நீளும் பயணம். கட்டுச்சோறு கட்டும் கலை நம் வீடுகளில் இன்னும் அழியவில்லை என்பதை அன்று கண்டோம். முதல் நாளுக்கு நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் தடவிய இட்டலி. இரண்டாம் நாளுக்குப் புளியோதரை. தயிர்ச் சாதம் புளிக்காமலிருக்கப் பாலில் பிசைந்து, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டு எடுத்து வந்தவர்கள் இருந்தார்கள். புலால் உண்ணும் குடும்பத்தாரும் அது புரட்டாசி என்பதால் மாதம் முழுதும் விரதத்தில் இருந்தார்கள். ஆகவே அந்தப் பெட்டியில் முப்பத்தெட்டுப் பேருடைய பொட்டலங்களிலும் இருந்தது ஒரே வகை உணவே. அப்படியிருந்தும் பொட்டலங்கள் கை மாறவில்லை. ஒரு பக்கத்தாரின் புளியோதரை மறுபக்கத்தாரின் இலைக்குப் போகவில்லை. இதைக் கண்டபிறகுதான், சென்ற ஆண்டு நம்மைப் பிரித்தது கோழிக் குழம்பு மட்டுமன்று என்பது எங்களுக்கு விளங்கத் தொடங்கியது.

எங்களுடன் வந்த கல்லூரி மாணவி ஒருத்தியைப் பற்றியும் கூற வேண்டும். அவள் இரண்டு ஆண்டுகளாகப் பாலும் தயிரும் நெய்யும் தொடுவதில்லை, தேனும் இல்லை. இக்கொள்கைக்கு 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவர் நண்பர்களும் 'வீகன்' என்று புதுப்பெயர் சூட்டிச் சங்கமும் கண்டனர். தமிழில் இதனை நனிசைவம் என்று சிலர் வழங்குகின்றனர், நல்ல சொல்லே. நம் நாட்டில் பொட்டலங்களின்மேல் காணும் பச்சைப் புள்ளி 2001ஆம் ஆண்டு விதிகளின்படி வந்தது. அப்புள்ளி பாலைப் பற்றி ஒன்றும் கூறாது. பால் அதற்குச் சைவமே. நனிசைவ உணவுக்கெனத் தனி விதிகள் 2022இல் வந்தன. இவ்வளவு செய்தியும் அப்பெண் எங்களுக்குச் சொன்னதே. ரயிலில் நம் பெரியவர்கள் சிலர் அவளைக் கேலி செய்தார்கள். "தயிர் இல்லாமல் ஒரு சாப்பாடா?" என்றார்கள். வெளியூர் உணவு விடுதிகளில் தங்கள் வழக்கத்தை எவரும் மதிப்பதில்லை என்று நெடுநாளாகக் குறைப்படுபவர்கள் அவர்களே. அவள் சிரித்துவிட்டுப் பாலில்லாத தேநீர் வரும்வரை காத்திருந்தாள்.

திருப்பதியில் இறங்கி, மலையேறுவதற்கு முன் ஒரு பகல் வெதுருகுப்பம் சென்றோம். நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றின் பூர்வீக வீடு அவ்வூரை அடுத்து உள்ளது. சனிக்கிழமை தளிகைக்கு வரவேண்டுமென்று அவ்வீட்டார் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பமோ நம் சொல். ஊர்ப்பெயரிலேயே இரண்டு மொழிகளும் குடியிருக்கின்றன. 1911இல் வட ஆர்க்காட்டுப் பகுதிகளும் கடப்பைப் பகுதிகளும் சேர்ந்து சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தபோது அம்மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பின், 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தது. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் வீடுகளைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா? அங்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் வாசலில் தெலுங்கும் அடுக்களையில் தமிழும் பேசி வாழ்கின்றன. காலனிவாசிகளாகிய நமக்கு இது புதிதன்று.

புரட்டாசிச் சனிக்கிழமையின் சிறப்பை அவ்வூர்ப் பக்கத்தில் பார்க்க வேண்டும். சிறுவர்கள் நெற்றியில் நாமமிட்டு, நாமமிட்ட செம்பைக் கையிலேந்திக் 'கோவிந்தா' என்று குரலெழுப்பி வீடு வீடாகச் செல்கின்றனர். எல்லா வீட்டு அரிசியும் ஒரே செம்பில் விழுகிறது. அந்த அரிசியைச் சேர்த்துச் சமைப்பதே தளிகை. மற்ற மாதங்களில் ஆட்டுக்கறி மணக்கும் வீடுகள் இம்மாதத்தில் கழுவி மெழுகப்பட்டு வேறு வீடுகள்போல் இருக்கின்றன. கறிக்கடைக்காரர்க்கு இது மந்தமான மாதம்.

அவ்வீட்டு அம்மையார் தளிகைச் சோற்றோடு எங்களுக்கு வேறொன்றும் பரிமாறினார்: கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல், கீரை மசியல், கடைசியில் சித்தூர் வெல்லம் ஒரு துண்டு. அப்பகுதி உழவரின் அன்றாட உணவு அதுதான். மாணவி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டு, "இதில் நான் தள்ள வேண்டியது ஒன்றுமில்லையே!" என்றாள். லண்டனில் பெயரும் சங்கமும் வைத்துத் தேடிய உணவை வெதுருகுப்பத்து உழவர் பெயரில்லாமல் உண்டு வந்திருக்கின்றனர். நெய்யும் பாலும் விற்றுக் காசாக்க வேண்டியவை. வீட்டுக்குக் களியும் கடலையும் மிஞ்சின. வறுமையை நாங்கள் புகழவில்லை. நடந்ததைச் சொல்லுகிறோம்.

எங்களோடு வந்த தஞ்சைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பந்தியில் உட்காரவில்லை. வயிறு சரியில்லை என்றார். அவர் வயிற்றுக்கு ஒன்றுமில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். புலால் சமைக்கும் வீட்டில் அவர் இதுவரை கைநனைத்ததில்லை. அம்மையாருக்கும் அது புரிந்துவிட்டது. உள்ளே சென்று, உரிக்காத வாழைப்பழச் சீப்பு ஒன்றும் சீவாத இளநீர் ஒன்றும் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். "ஐயா, இதில் எங்கள் அடுப்பு படவில்லை, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. விருந்தாளி பட்டினியோடு போகக் கூடாதே என்ற கவலை மட்டும் இருந்தது. பெரியவர் பழத்தை உண்டார். நாங்கள் தலைகுனிந்து களியைப் பிசைந்துகொண்டிருந்தோம்.

மறுநாள் அலிபிரியிலிருந்து மலையேறினோம். 3,550 படிகள். மேலே சென்றதும் அன்னப்பிரசாதக் கூடத்திற்குப் போனோம். திருமலையில் புலாலும் மதுவும் விலக்கப்பட்டவை. மலைமீது எவருக்கும் சைவ உணவே. இன்று நடைபெறும் நித்திய அன்னதானத் திட்டம் 1985இல் தொடங்கியது. இப்போதுள்ள பெரிய கூடம் 2011இல் திறக்கப்பட்டது. அதற்குத் தரிகொண்ட வெங்கமாம்பாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். பழைய சித்தூர் மாவட்டத்துத் தரிகொண்டாவில் பிறந்து, திருமலையில் வாழ்ந்து, யாத்திரிகர்க்குச் சோறிட்ட கவிஞர் அவர். அதற்கும் முன்பு, பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவ நரசிம்மன் அங்கே இராமானுச கூடம் அமைத்து அதனைக் கந்தாடை இராமானுச ஐயங்காரிடம் ஒப்படைத்தான். மலைமீது சோறிடும் வழக்கம் பழையது.

அக்கூடத்தில் வரிசையில் வந்தவர் வந்தபடி அமர வேண்டும். இடம் பொறுக்கலாகாது. நம் பெரியவருக்கு ஒரு பக்கம் லாரி ஓட்டுநர். மறுபக்கம் முடியிறக்கிய மூதாட்டி. சோறு, சாம்பார், ரசம், மோர், சர்க்கரைப் பொங்கல் ஆகியவை வந்தன. மாணவி பொங்கலையும் மோரையும் மட்டும் வேண்டாமென்றாள். பரிமாறுபவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்தார். பெரியவர் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினார். சமைத்தவர் யார், பக்கத்தில் உள்ளவர் வீட்டில் என்ன சமைப்பார் என்று அவர் விசாரிக்கவில்லை. வெதுருகுப்பத்து அம்மையாரின் மகனும் எங்களுடன் மலைக்கு வந்திருந்தான். அவனும் இதைப் பார்த்தான், எதுவும் பேசவில்லை.

திரும்பும் ரயிலில் பெரியவர் வெகுநேரம் ஜன்னலோரம் இருந்தார். நாகபுரி தாண்டியபின் எங்களிடம், "அந்த அம்மாள் களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுத்தாள்?" என்று கேட்டார். கடலைத் துவையல் என்றோம். "ஓகோ" என்றார். அவ்வளவுதான்.

அன்பர்களே, வெளியூரில் சைவ உணவினர் படும் துன்பம் எங்களுக்குத் தெரியாததன்று. காந்தியடிகள் 1888இல் லண்டன் சென்றபோது அரைவயிறாகக் கிடந்த கதையைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நண்பர் ஒருவர் அவரைப் பெரிய உணவு விடுதிக்கு விருந்துக்கு அழைத்துச் சென்றார். வந்த சூப்பில் புலால் உண்டா என்று அடிகள் பணியாளைக் கேட்க முற்பட்டார். நண்பர் சினந்து, வெளியே போய் வேறிடத்தில் உண்டு தமக்காகக் காத்திருக்கச் சொன்னார். அருகிலிருந்த சைவ விடுதி மூடியிருந்தது, அன்றிரவு பட்டினி. ஆனால் நட்பு முறியவில்லை என்று அவரே எழுதுகிறார். கொள்கையையும் விடவில்லை, நண்பரையும் விடவில்லை. பின்னர் பேரிங்டன் தெருவில் சைவ உணவகம் ஒன்றைக் கண்டதும், அங்கே சால்ட் என்பவரின் நூலை வாங்கிப் படித்ததும், சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இடம் பெற்றதும் பலரும் அறிந்தவை. தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் அவரே ஒரு சைவ மன்றம் தொடங்கினார். சில மாதங்களில் அவர் வீடு மாறினார், மன்றமும் முடிந்தது. செயலாளர் வீடு மாறினால் சங்கம் என்னவாகும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்?

அங்கே அவர் தனி ஒருவர்; தமக்கு ஓர் இலை கேட்டு நின்றார். நம் காலனியில் நிலைமை வேறு. பொதுவிருந்து என்றால் சைவமே இருக்கட்டும் என்று புலால் உண்போர் பல ஆண்டுகள் விட்டுக்கொடுத்து வந்திருக்கிறார்கள். நம் இலைக்கு அவர்கள் வருகிறார்கள். அவர்கள் வீட்டுத் திண்ணைக்குக்கூட நாம் போவதில்லை. எங்கள் குழுவிலுள்ள இருவரும் இதை முகத்துக்கு நேரே சொன்னபோது மற்ற மூவருக்கும் விடையில்லை.

வள்ளுவரைத் துணைக்கழைத்தோம். அவர் புலால் மறுத்தலை ஓர் அதிகாரமாகவே பாடினார். ஆனால் அது துறவறவியலில் இருக்கிறது; விருந்தோம்பலோ இல்லறவியலில் இருக்கிறது. இல்லறத்தார்க்குப் புலால் மறுத்தல் வேண்டாமென்று இதற்குப் பொருளன்று. விருந்தோம்பல் இல்லறத்தார்க்குத் தப்பாத கடமை என்பது மட்டும் இதிலிருந்து ஐயமின்றிப் பெறப்படும்.

வள்ளலாரைவிட உறுதியாகப் புலாலை மறுத்தவர் தமிழகத்தில் எவர்? தம் சன்மார்க்கத்தில் புலால் உண்போரைப் புற இனத்தார் என்றே பிரித்தார். ஆயினும் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பசித்து வந்தவரின் சாதி என்ன, நேற்று என்ன உண்டார் என்று கேட்கச் சொல்லவில்லை. புற இனத்தாரின் பசியையும் போக்க வேண்டும் என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை.

இதற்கு மறுபக்கமும் நம் வரலாற்றில் உண்டு. சேரன்மாதேவிக் குருகுலத்தில் மாணவர்க்குத் தனிப்பந்தி வைத்ததால் 1925ஆம் ஆண்டளவில் தமிழகமே கொந்தளித்தது. ரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்க்கும் ஏனையோர்க்கும் தனித்தனி இடம் ஒதுக்கும் வழக்கம் 1941இல்தான் நீங்கியது. அங்கே பூட்டாகப் பயன்பட்டது சைவம் என்ற சொல்லன்று, சாதி என்ற சொல். இன்று வீடு வாடகைக்குக் கேட்பவரிடம் நாம் 'சைவமா?' என்று கேட்கும்போது, பழைய கேள்வியைத்தான் புதிய சொல்லால் கேட்கிறோமோ என்ற ஐயம் எங்களுக்கு உண்டு. சமையலறை மணம் தாங்காதவர்கள் உண்மையில் இருக்கலாம். அவர்களை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் மாடிப்படி வேறு, அடுப்பு வேறு என்று உள்ள பகுதியைப் பூட்டியே வைத்திருப்பதற்கு அது காரணமாகாது.

ஆகவே குழு செய்த முடிவுகளைத் தெரிவிக்கிறோம். இவ்வாண்டு ஒரே பந்தல், ஒரே இலை; எல்லோரும் உண்ணக்கூடிய சைவ உணவு. கூட்டும் பொரியலும் தேங்காயெண்ணெயில். நெய், தயிர், பாயசம் மூன்றும் கேட்டவர்க்கு மட்டும், கடைசியில். நனிசைவ உணவினர் கேள்வி கேட்க வேண்டிய நிலை இராது. இதற்கு எதிரீடாகச் சைவக் குடும்பத்தாரிடம் ஒன்று கேட்கிறோம். வரும் புரட்டாசியில் நான்கு சனிக்கிழமைகளிலும் தளிகை, இதுவரை நீங்கள் போகாத வீடுகளில் நடைபெறும். அழைப்பு வரும், வயிற்றைக் காரணம் காட்ட வேண்டாம். மாடிப் பகுதி காலியாக உள்ளவர்கள் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வாடகை, அறை எண்ணிக்கை, தண்ணீர் வசதி ஆகியவற்றுக்கே அதில் கட்டங்கள் உண்டு.

இம்முடிவுகள் எல்லோருக்கும் இனிக்கவில்லை. பிரியாணி இல்லையா என்று இளைஞர்கள் குறைப்பட்டார்கள். அவர்கள் தனியே ஒரு நாள் ஏற்பாடு செய்தால் குழு பாத்திரம் தந்து உதவும். பதிவேட்டில் இதுவரை இரண்டு வீடுகளே எழுதப்பட்டுள்ளன.

வெதுருகுப்பத்து அம்மையார் மகன் வீட்டுக்கு வந்திருக்கிறார். இன்று காலை முதல் நம் அடுப்பங்கரையில்தான் இருக்கிறார். கேழ்வரகுக் களி கிளற நம்மிடம் போதுமான பெரிய பாத்திரம் இல்லை. நேற்று மாலை பித்தளை உருளி ஒன்றைத் தஞ்சைப் பெரியவர் வீட்டிலிருந்து யாரும் கேளாமலே அனுப்பியிருந்தார்கள். அதில்தான் களி கிளறியிருக்கிறது. அவர் உண்ண வருவாரா என்று நாங்கள் கேட்கவில்லை. முதற்பந்தியில் அவருக்கும் இலை போட்டிருக்கிறோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் வரிசையாக வாருங்கள். குழந்தைகள் விரும்பிய இடத்தில் உட்காரட்டும். தண்ணீருக்கு அவரவர் செம்போ குவளையோ கொண்டு வந்தால் உதவியாயிருக்கும். களியைச் சூட்டோடு உண்ண வேண்டும், ஆறினால் இறுகிவிடும்.